ஆலைச் சங்கும் உடலின் கடிகாரமும்



ஊர் விழிக்கும் வேளையில் இரவு ஷிப்டு முடித்துக் கண்ணயரச் செல்லும் தமிழர் வெளிமாநிலங்களில் பலர் உளர். அவர்தம் பணிநேரத்திற்கு எல்லை பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் தோன்றிற்று. அது சிறுவர் வேலையை நாளொன்றுக்கு 9 மணியாகக் குறுக்கிற்று. வளர்ந்தோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் பொழுது புலர்ந்தது முதல் சாயும்வரை வேலை நடந்தது. 1884-இல் நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளரைக் கூட்டி, ஞாயிறு ஓய்வும் நண்பகலில் அரைமணி இடைவேளையும் கோரினார். காலை ஆறரை மணிக்கு முன்னும் கதிரவன் மறைந்த பின்னும் வேலை கூடாது என்றார். ஏறத்தாழ 5,500 பேர் கையொப்பமிட்டனர். 1890 ஜூன் 10-ஆம் நாளன்றுதான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டுச் சட்டம் வார ஓய்வை விதியாக்கிற்று.

அந்நாளில் கதிரவனே தொழிலாளிக்குக் காவல். 1905-ஐ ஒட்டி மின்விளக்கு ஆலைகளுக்குள் நுழைந்ததும் அக்காவலும் அகன்றது. வேலை 15 மணிவரை நீண்டது. பின்னர் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலை ஆடவருக்கு நாளொன்றுக்கு 12 மணி என வரம்பிட்டது. வார அளவு 1922-இல் 60 மணியாயிற்று. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 1934-இல் 54 ஆகவும், 1946-இல் 48 ஆகவும் குறைந்தது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுட்பமான விதியொன்று இருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் உழைப்பவரின் விடுமுறையை நாட்காட்டியைக் கொண்டு கணக்கிடலாகாது. அவர் ஷிப்டு முடிந்த நேரத்திலிருந்து 24 மணி எண்ண வேண்டும் என்றது அது. சட்டச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் உள்ள நாம் இவ்விதியைப் படித்தபோது சற்றே நின்றோம். களைத்த மனிதனின் நாள் எங்கே முடிகிறது என்பதை உணர்ந்த கை அதை எழுதியிருக்க வேண்டும்.

ஆயினும் உடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் விழும் ஒளியே அதனைத் திருத்தி வைக்கிறது. அதன் இயக்கத்தை விளக்கிய மூவருக்கு 2017-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2007-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடலின் தாளத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையை அநேகமாகப் புற்று விளைவிக்கும் காரணங்களுள் சேர்த்தது. காலை, பிற்பகல், இரவு என முன்னோக்கிச் சுழலும் வரிசையே உடலுக்கு எளிது. பின்னோக்கிய சுழற்சி உறக்கத்தைப் பெரிதும் குலைக்கும்.

மணிக்கணக்கைக் குறைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அம்மணிகளை உடல் தாங்கும் வண்ணம் அடுக்குவது நம் தலைமுறையின் கடமை. அதுவரை, பகலில் உறங்கும் அண்டை வீட்டாருக்காக நம் வானொலியின் ஒலியையேனும் சற்றுத் தாழ்த்தி வைப்போம்.