தூத்துக்குடிக் கரை வானொலிகளில் ஆள்சேர்ப்பும் சமவாய்ப்பும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறைக் கரையில் வானொலி நிலையங்கள் யாரை வேலைக்கு எடுத்தன, யார் குரலை மைக்கின் முன் அனுமதித்தன என்பது இக்கட்டுரையின் பொருள். இவை இரண்டும் ஒன்றல்ல. அலுவலகப் பணியிடத்தைச் சட்டம் ஒருவாறு திறந்துவிட்டது. மைக் நெடுங்காலம் தேர்வாளரின் காதுக்கே கட்டுப்பட்டிருந்தது.

இக்கரை மக்களுக்கு வானொலி முதலில் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களான மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் பெயர்கள் இங்கே சினிமா நட்சத்திரங்களுக்கு இணையாகப் புழங்கின. அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையம் 1963இல்தான் தொடங்கியது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

அரசு வானொலியின் ஆள்தேர்வில் ஒழுக்க விதி ஒன்றும் நுழைந்தது. 1946இல் தகவல் ஒலிபரப்புத் துறையை ஏற்ற வல்லபபாய் படேல், தனிவாழ்க்கை ஊர்ப்பழிக்கு ஆளானவர்களைப் பாட அழைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். இது பரம்பரையாக ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்ட பெண்களைக் குறிவைத்தது. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் இசைக்கலைஞர்களுக்குக் குரல்தேர்வு முறைப்படுத்தப்பட்டது. பாடுபவரைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டு மதிப்பிடுவது அதன் நெறி. சாதியும் முகமும் மறைந்தால் நியாயம் கிடைக்கும் என்று எண்ணினார்கள். பாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். பேச்சுக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஒருவரின் ஊரும் குலமும் பேச்சிலேயே வந்துவிடுகின்றன. காற்றைத் திசைப்பெயரால் சொல்லாமல் கொண்டல், கச்சான், வாடை என்று சொல்லி வளர்ந்தவருக்கு ‘தெளிவான உச்சரிப்பு’ என்ற தகுதி எளிதல்ல.

நிரந்தரப் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு தொடக்கம் முதலே இருந்தது. அகில இந்தியப் போட்டித் தேர்வுகளில் அது இப்போது 15, 7.5 விழுக்காடு. பிற பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 1993 செப்டம்பரில்தான் மத்திய அரசுப் பணிகளுக்கு வந்தது. தூத்துக்குடியின் மீனவச் சமூகமான பரதவரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், பட்டியல் சாதிக்குரிய ஒதுக்கீட்டுக்கு உட்படாதவர்கள். ஆகவே திருநெல்வேலி நிலையத்தின் முதல் 30 ஆண்டுகளில் இக்கரையின் மீனவப் பிள்ளைக்கு அங்கே ஒதுக்கீட்டு வழி இல்லை. இதைப் பதிவு செய்தவர்கள் குறைவு. மாற்றுத்திறனாளிகளுக்கு 1995 சட்டம் 3 விழுக்காடும், 2016 சட்டம் 4 விழுக்காடும் அளித்தன.

தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. இலங்கைவரை எட்டும் இத்தகைய கருவிக்கு முதலில் வேண்டியவர்கள் பொறியாளர்கள். அவர்கள் அகில இந்தியத் தேர்வு எழுதி எந்த மாநிலத்திலிருந்தும் வரலாம். உள்ளூர்க்காரருக்கு எஞ்சியது பெரும்பாலும் தற்காலிக அறிவிப்பாளர் வாய்ப்பு. எழுத்துத்தேர்வு, குரல்தேர்வு, பிறகு ‘வாணி’ சான்றிதழ்ப் பயிற்சி. இவ்வளவும் தாண்டினால் மாதம் 6 பணிக்குமேல் தருவதில்லை என்பது விதி. அது வேலை அல்ல, அழைப்பு. ஆண்டுக்கணக்காகப் பேசியவர்கள் நிரந்தரம் கேட்டு நாட்டின் பல இடங்களில் நிர்வாகத் தீர்ப்பாயங்களுக்குப் போனார்கள்.

தெற்கே நாகர்கோவிலில் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய நிலையம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். ‘உள்ளூர்’ என்ற சொல்லே புதுமை. ஆனால் ஆளெடுக்கும் விதிகள் தில்லியிலேயே இருந்தன. 2005இன் தனியார் பண்பலைக் கொள்கைக்குப் பின் தூத்துக்குடிக்கு சூரியன், ஹலோ போன்ற அலைவரிசைகள் வந்தன. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கட்டாயமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு: 1969இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் சமவாய்ப்பு விதியை ஒலிபரப்பு உரிமத்தோடு பிணைத்தது. மிசூரியில் ஒரு லூத்தரன் திருச்சபை நிலையத்தின் வழக்கில் 1998இல் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட, திருத்திய விதி 2003இல் நடைமுறைக்கு வந்தது. காலியிடத்தை ஊரறியச் சொல், சொன்னதற்குக் கணக்கு வை என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் சமவாய்ப்பு பற்றிய கேள்வி சமுதாய வானொலி வழியாகத் திரும்பி வந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2006இன் வழிகாட்டு நெறிகள் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தந்தன. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும், இயன்றவரை வட்டார வழக்கில் இருக்க வேண்டும் என்றன. குரல்தேர்வில் குறையாக எண்ணப்பட்டது இங்கே தகுதியாயிற்று. 2008இல் தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி ஒலித்தது. இக்கரைக்கு அண்மையில் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று மீனவர்களுக்கான ‘கடல் ஓசை’ 90.4 தொடங்கியது. அங்கே மீனவக் குடும்பத்தவரே அறிவிப்பாளர்களானார்கள்.

அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதிக்கு 1990 சட்டம் சொன்ன ஆள்தேர்வு வாரியம் 2020இல்தான் அமைந்தது. சமுதாய வானொலியின் திருத்திய நெறிகள் 2024 பிப்ரவரி 13 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்டன. நிகழ்ச்சிகளை முடிவுசெய்யும் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஊதியம் பெறும் ஊழியர்களுக்கு அப்படியொரு விகிதம் சொல்லப்படவில்லை.