ஆட்டோகிராப் ஏடு

ஆட்டோகிராப் ஏடு அல்லது கையொப்ப ஏடு என்பது, ஒருவர் தம்முடைய நண்பர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள், தாம் மதிக்கும் பெரியோர் ஆகியோரிடம் கொடுத்து, அவர்களது கையொப்பத்தைப் பெற்றுச் சேர்த்து வைக்கும் சிறு நூல் ஆகும். கையொப்பத்துடன் ஒரு செய்யுள், முதுமொழி, வாழ்த்து அல்லது ஓவியமும் இடம்பெறுவது வழக்கம். தமிழ்ப் பேச்சு வழக்கில் இது ஆட்டோகிராப் புத்தகம், ஆட்டோகிராப் நோட்டு என்று வழங்குகிறது. ஐரோப்பாவில் இதன் முன்னோடி ஆல்பம் அமிகோரம் என்ற இலத்தீன் பெயரால் அறியப்பட்டது. நண்பர்களின் ஏடு என்பது இதன் பொருள். ஜெர்மன் மொழியில் இதனை ஸ்டாம்புக் என்பர்.

ஆல்பம் என்ற சொல் வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்டைய உரோமில் பொது அறிவித்தல்கள் எழுதப்பட்ட வெண்பலகைக்கு அப்பெயர் இருந்தது. இன்று ஒளிப்படத் தொகுப்பையும் இசைத்தட்டையும் ஆல்பம் என்று அழைப்பதற்கு, இடையில் வந்த இந்த நண்பர் ஏடுகளே காரணம் எனலாம்.

தோற்றம்

இவ்வழக்கம் 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில், குறிப்பாக விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றியது. சமயச் சீர்திருத்தத்தின் தலைவர்களான மார்ட்டின் லூதரும் பிலிப் மெலாங்தனும் அங்கே கற்பித்தனர். மாணவர்கள் முதலில் தங்கள் விவிலியத்திலும் பிற நூல்களிலும் அவர்களது கையெழுத்தைப் பெற்றனர். 1540களில் இதற்கெனத் தனி ஏடுகள் வைத்திருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அக்கால மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று கற்றனர். புதிய ஊரில் யாரும் அறியாத இளைஞன் ஒருவன் தன் ஏட்டைத் திறந்து காட்டினால், இன்னின்ன பேராசிரியர்கள் இவனை அறிவார்கள் என்பது விளங்கும். ஆகவே அது நினைவுப் பொருளாக மட்டுமன்றி, அறிமுகக் கடிதமாகவும் பயன்பட்டது.

தொடக்கத்தில் அச்சிட்ட நூல்களே ஏடுகளாக மாற்றப்பட்டன. இத்தாலியரான அந்திரேயா அல்சியாட்டோவின் படக்குறியீட்டு நூல் 1531 இல் ஆக்சுபர்க் நகரில் முதன்முதலில் வெளிவந்தது. இதன் பிற்காலப் பதிப்புகளை வாங்கி, பக்கங்களுக்கு இடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, அவற்றில் கையொப்பம் பெற்றனர். இவ்வழக்கம் பரவவே, வெறுமையான கேடயங்களும் சட்டங்களும் அச்சிடப்பட்ட ஏடுகளைப் பதிப்பாளர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எழுதுபவர் தம் குலச்சின்னத்தை அவற்றில் வரைவித்துக் கொள்ளலாம்.

பக்கங்களின் ஒழுங்கு

ஒரு பதிவில் பொதுவாக ஒரு மேற்கோள், எழுதியவரின் குறிக்கோள் வாசகம், ஏட்டின் உரிமையாளருக்கான அர்ப்பணிப்பு, இடம், நாள், கையொப்பம் என்பன இருக்கும். கற்றோர் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் எழுதித் தம் புலமையைக் காட்டினர்.

இவ்வேடுகளை முதன்முறை புரட்டுபவருக்குக் குழப்பம் தருவது, நாட்கள் முன்பின்னாக இருப்பதாகும். பக்கங்கள் கால வரிசையில் நிரப்பப்படவில்லை. முதற்பக்கங்கள் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும், அடுத்தவை பேராசிரியர்களுக்கும், இறுதிப் பகுதி உடன் பயிலும் மாணவர்களுக்கும் என்று தரவரிசைப்படி ஒதுக்கப்பட்டன. இளவரசர் எவரையும் சந்திக்க வாய்க்காத மாணவரின் ஏட்டில் முன்பக்கங்கள் வெறுமையாகவே கிடப்பதைக் காணலாம். உரிமையாளர்கள் பிற்காலத்தில் ஏட்டைத் திரும்பப் பார்க்கும்போது, இறந்துபோன நண்பரின் பெயருக்கு அருகில் ஒரு சிலுவைக் குறியிட்டு, இறந்த ஆண்டையும் எழுதி வைத்தனர். ஓர் இளைஞர் கூட்டத்தின் பிற்கால வாழ்க்கையை அறிவதற்கு இக்குறிப்புகள் பெரிதும் உதவுகின்றன.

வோட்டன் எழுதிய நகைச்சுவை

ஏட்டில் எழுதுவது தனிப்பட்ட செயலா, பொதுச் செயலா என்ற ஐயத்துக்குச் சர் ஹென்றி வோட்டனின் கதை நல்ல சான்றாகும். இங்கிலாந்தின் தூதராக வெனிசுக்குச் செல்லும் வழியில் 1604 இல் ஆக்சுபர்க்கில் தங்கிய அவர், கிறிஸ்தோப் பிளெக்காமர் என்பவரின் ஏட்டில் தூதர் என்பதற்கு இலத்தீனில் ஒரு வேடிக்கையான வரைவிலக்கணம் எழுதினார். நாட்டின் நன்மைக்காகப் பொய் சொல்லும்படி வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் நல்ல மனிதரே தூதர் என்பது அதன் கருத்து. தங்கியிருத்தல், பொய் சொல்லுதல் ஆகிய இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல் குறிக்கும். ஆதலால் ஆங்கிலத்தில் இது சிலேடையாகும். இலத்தீனிலோ சிலேடை மறைந்து, பொய் மட்டுமே எஞ்சியது. 1611 இல் காஸ்பர் சோப்பே என்ற கத்தோலிக்க அறிஞர், அரசர் முதலாம் ஜேம்ஸைத் தாக்கி எழுதிய நூலில் இவ்வரியை எடுத்து வெளியிட்டார். இங்கிலாந்து அரசரின் தூதர்களின் நேர்மைக்கு இதுவே சான்று என்று காட்டினார். அரசரின் சினத்துக்கு ஆளான வோட்டன் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. நண்பர் வீட்டில் பொழுதுபோக்காக எழுதிய ஒரு வரி ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவரது பதவியையே ஆட்டிவிட்டது.

புகழ்பெற்ற ஏடுகள்

நிலப்பட வரைஞர் ஆபிரகாம் ஒர்ட்டேலியசின் ஏட்டில் ஜெரார்டு மெர்க்காட்டர், ஜான் டீ முதலியோரின் பதிவுகள் உள்ளன. இது கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியில் உள்ளது. ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில் 1639 இல் ஜெனீவாவில் ஒருவருடைய ஏட்டில் எழுதினார். ஆம்ஸ்டர்டாம் இலத்தீன் பள்ளித் தலைமையாசிரியர் ஜேக்கப் ஹேபுலாக்கின் ஏட்டில் 1661 இல் ரெம்பிராண்ட் ஓர் ஓவியம் வரைந்து கொடுத்தார். குழந்தை இயேசுவை முதியவர் சிமியோன் ஏந்தி நிற்கும் காட்சி அது. இவ்வேடு டென் ஹாக் அரச நூலகத்தில் உள்ளது.

இவை அனைத்திலும் ஆடம்பரமானது ஆக்சுபர்க் வணிகரும் கலைப்பொருள் முகவருமான பிலிப் ஹைன்ஹோபரின் (1578–1647) பெரிய ஏடு ஆகும். பேரரசர் இரண்டாம் ருடால்ப், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் போன்றோர் இதில் கையொப்பமிட்டுள்ளனர். சுமார் 100 ஓவியங்கள் இதில் உள்ளன. கையொப்பமிட்டவரின் தகுதி உயர உயர, ஓவியத்தின் செலவும் உயர்ந்தது. ஹைன்ஹோபர் இறந்தபின் அவருடைய நண்பரான பிரவுன்ஸ்வைக் கோமகன் ஆகஸ்ட் இதனை வாங்கித் தம் நூலகத்தில் சேர்க்க முயன்றும் முடியவில்லை. ஏறத்தாழ 370 ஆண்டுகள் கழித்து, 2020 இல், வோல்பன்பியூட்டலில் அதே கோமகனின் பெயரால் விளங்கும் நூலகம் 28 இலட்சம் யூரோ அளவிலான விலைக்கு இதனை வாங்கியது.

22 வயதுகூட நிறையாத பேத்தோவன் 1792 இல் பான் நகரை விட்டு வியன்னாவுக்குப் புறப்பட்டபோது, நண்பர்கள் அவருக்கு ஓர் ஏட்டில் விடை எழுதிக் கொடுத்தனர். அதில் கோமகன் வால்ட்ஸ்டைன், ஹைடனின் கைகளிலிருந்து மோட்சார்ட்டின் ஆன்மாவைப் பெறுவாய் என்ற கருத்தை எழுதினார். இசை வரலாற்று நூல்கள் பலவற்றில் இப்பதிவு எடுத்தாளப்படுகிறது. பேத்தோவன் பான் நகருக்குத் திரும்பவேயில்லை.

பெண்களும் சிறுமியரும்

18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்வழக்கம் மாணவரை விட்டுப் பெண்களிடமும் சிறுமியரிடமும் மிகுதியாகப் பரவியது. குலச்சின்னங்களின் இடத்தை உலர்ந்த மலர்களும், பின்னிய தலைமுடியும், ஒட்டுவதற்கென்றே விற்கப்பட்ட வண்ணப் படங்களும் பிடித்தன. இங்கிலாந்தில் எழுத்தாளர்களுக்கு இது பெரும் தொல்லையாயிற்று. செய்யுள் கேட்டு வந்த ஏடுகளைப் பற்றிக் குறைகூறிக்கொண்டே எழுதிக் கொடுத்த சார்லஸ் லாம், 1830 இல் அத்தகைய செய்யுள்களைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஏமி மட்டில்டா காசியின் ஏடு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1833 இல் தொடங்கிய இதில் அடிமை முறை ஒழிப்புப் போராளிகளான பிரடெரிக் டக்ளசு, வில்லியம் லாயிட் கேரிசன் ஆகியோர் எழுதியுள்ளனர். சாரா மாப்ஸ் டக்ளசு மலர்களை வரைந்துள்ளார். தம் இனத்தவர் பலர் எழுத்தறிவு மறுக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட நாட்டில், அழகிய கையெழுத்தும் ஓவியமும் நிறைந்த ஓர் ஏட்டைக் கைக்குக் கை மாற்றியது அரசியல் செயலும் ஆகும். வரலாற்றாய்வாளர்கள் நெடுங்காலம் இதனைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியது பொருத்தமன்று.

1942 மார்ச் 28 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் தன் தோழியின் அக்காவுக்கு எட்டு வரிச் செய்யுள் ஒன்றை எழுதிக் கொடுத்தார். இதில் முதல் நான்கு வரிகள் 1938 இல் ஓர் இதழில் வந்தவை. சிறுமியர் ஏடுகளில் வழக்கமாகக் காணப்படும் அறிவுரைச் செய்யுளே இது. மூன்று மாதங்கள் கடந்த சில நாட்களில் அவரது குடும்பம் தலைமறைவாயிற்று. 2016 இல் ஹார்லெம் நகரில் ஏலத்துக்கு வந்த இத்தாள் 1,40,000 யூரோவுக்கு விலைபோனது.

தொடர்புடைய பிற ஏடுகள்

வாசித்தவற்றில் சிறந்தவற்றைத் தலைப்பு வாரியாகப் படியெடுத்து வைக்கும் குறிப்பேடு இதற்கு நெருங்கிய உறவுடையது. மெய்யியலாளர் ஜான் லாக் இதற்கு அகரவரிசை அட்டவணை அமைக்கும் முறையொன்றை 1686 இல் வெளியிட்டார். ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769 இல் வெளியிட்ட இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூலைத் தொடர்ந்து, அச்சிட்ட நூலைப் பிரித்து அதில் பொருத்தமான உருவப்படங்களையும் கடிதங்களையும் சேர்த்துக் கட்டுவிக்கும் மோகம் பிறந்தது. வேறு நூல்களை வெட்டியே இப்படங்கள் பெறப்பட்டன என்பதால் நூலகர்கள் இதனை விரும்புவதில்லை. வெட்டி ஒட்டும் ஏடுகளும் பெருகின. எழுத்தாளர் மார்க் டுவெய்ன் முன்கூட்டியே பசை தடவிய ஒட்டேடு ஒன்றுக்கு 1873 இல் காப்புரிமை பெற்றார்.

கேள்விகள் அச்சிடப்பட்டு விடை எழுத இடம் விட்ட ஏடுகளும் 19 ஆம் நூற்றாண்டில் இருந்தன. பதின்ம வயதில் மார்செல் புரூஸ்ட் தோழி ஒருவரின் ஏட்டில் எழுதிய விடைகள் 2003 இல் 1,02,000 யூரோவுக்கு ஏலம் போயின. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்திய ஸ்லாம் புத்தகம் இவ்வகையினதே.

இந்தியாவிலும் தமிழரிடையிலும்

மகாத்மா காந்தி தம் கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் பெற்று அரிசன நிதியில் சேர்த்தார். இரவீந்திரநாத் தாகூர் சீனா, சப்பான் பயணங்களில் விசிறிகளிலும் பட்டுத்துணிகளிலும் எழுதிக் கொடுத்த குறுங்கவிதைகள் பின்னர் அவரது கையெழுத்திலேயே லேகன் என்ற நூலாயின. சிறுவனாக ஏட்டை நீட்டிய சத்யஜித் ராயிடம் தாகூர் உடனே எழுதித் தரவில்லை. ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஒரு கவிதையுடன் திருப்பித் தந்தார்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளி, கல்லூரி இறுதி நாட்களில் ஏடு நீட்டும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல வண்ணத் தாள்களைக் கொண்ட, அகலவாக்கில் கட்டிய சிறு ஏடுகள் எழுதுபொருள் கடைகளில் கிடைத்தன. வீட்டு முகவரியை எழுதுவது இன்றியமையாத பகுதியாக இருந்தது. கைப்பேசி வருமுன் பிரிந்த நண்பரைத் தேடுவதற்குப் பலருக்கு அதுவே வழி. சேரன் இயக்கிய 2004 ஆம் ஆண்டுத் திரைப்படம் இதன் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

சேகரிப்பும் சிதைவும்

ஜெர்மனியின் வைமர் நூலகத்துக்காகக் கவிஞர் கோதே 1805 இல் ஊல்ம் நகரைச் சேர்ந்த பெரும் ஏட்டுத் தொகுப்பு ஒன்றை வாங்கினார். பிரித்தானிய நூலகத்திலும் 500 அளவில் இவ்வேடுகள் உள்ளன.

இவ்வேடுகளுக்குப் பெருங்கேடு விளைவித்தது புகழ்தான். பேரறிஞர் ஒருவரின் தாளைத் தனியாக விற்றால் முழு ஏட்டை விடக் கூடுதல் விலை கிடைக்கும். ஆகவே வணிகர்கள் பலர் அத்தாளை வெட்டி எடுத்துவிட்டு, அறியாத பெயர்கள் நிறைந்த எஞ்சிய பகுதியைச் சிதறவிட்டனர். ஆனால் ஆய்வாளருக்கு வேண்டியவை அந்த அறியாத பெயர்களே. ஒரு மாணவர் எந்த ஊரில் எந்த நாளில் இருந்தார், யாருடன் பழகினார் என்பதற்குப் பல இடங்களில் வேறு ஆவணமே இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏட்டுப் பதிவகம், 20,000-க்கும் மேற்பட்ட ஏடுகளை அட்டவணைப்படுத்தி இணையத்தில் வைத்துள்ளது. முழு ஏடுகளுடன் சிதைந்த பகுதிகளையும் அது பதிவு செய்கிறது.