தின்குழியமும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவமும்

மானிப்பாயில் 1848 ஆம் ஆண்டு மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை யாழ்ப்பாணத்தார் தம் தாய்மொழியிலேயே கற்றல் வேண்டுமெனத் துணிந்தார். 1864 முதல் அவருடைய மாணவர் தமிழிற் பயின்றனர். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகிய துறைகளில் நூல்கள் தமிழாயின. தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதனையும், கிடையாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் இல்லாதவிடத்து ஆங்கில ஒலியையும் கைக்கொள்ளுதல் அவர் நெறியாகும். 1873 இல் அவர் தாயகம் திரும்பினார்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கிச் சீழ் கட்டுவதை அக்கால வைத்தியர் நன்கறிவர். இரத்தத்தில் வெண்குழியங்கள் உண்டென்பதும் நூல்கள் கண்ட செய்தியே. ஆயினும் இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு அப்பொழுது விளங்கவில்லை.

அதனை விளக்கியவர் உருசிய நாட்டு விலங்கியலறிஞர் இலியா மெச்னிக்கொவ். 1882 இல், இத்தாலியிலுள்ள மெசினா நகரில், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குடம்பியினுள் அவர் ரோசா முள்ளைச் செலுத்தினார். மறுநாட் காலை, நகருங் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! பின்னர், நன்னீர்த் தெள்ளுப்பூச்சியின் உடலிற் புகுந்த பூஞ்சண வித்துக்களைக் கலங்கள் விழுங்கி அழிப்பதைக் கண்டு, 1884 இல் வெளியிட்டார். கிறீன் காலமானதும் அவ்வாண்டிலேயே. 1908 இல் மெச்னிக்கொவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இச்செயல் நிகழும் முறை வியப்பிற்குரியது. கலம் தன் மென்சவ்வை நீட்டி அந்நியத் துணிக்கையை அணைத்து, ஒரு சிறு பையாக உள்ளிழுத்துக்கொள்கிறது. நொதியங்கள் நிறைந்த இலைசோசோம்கள் அப்பையுடன் கலந்து, துணிக்கையைச் சிதைக்கின்றன. இப்போரில் மடிந்த வெண்குழியங்களே சீழின் பெரும்பகுதி.

கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஆதலின் இவ்வறிவு யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவரை ஆங்கிலத்தின் வாயிலாகவே வந்தடைந்தது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோதும் ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. எனினும், இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்பட்டபோது, 'தின்குழியம்' என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. தின்னுங் குழியம் என்று சிறுவனும் பொருள் காணத்தக்க சொல் அது. அறிவு வளர்கையிற் சொல்லும் உடன் வளர்தல் வேண்டும். மானிப்பாயிற் பாதியில் நின்ற அப்பணி இன்னும் முடிந்திலது.