தைலக்காப்பு

தாவர எண்ணெய், நறும்பிசின் முதலியவற்றால் ஒரு பொருளின் மேற்பரப்பைச் சிதையாமற் காக்கும் பூச்சு. திருச்சிராப்பள்ளியை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய ஸ்ரீரங்கத்தில், சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ள மூலவர் அரங்கநாதரின் திருமேனி சுதையாலானதாதலின், திருமஞ்சனங்கள் யாவும் உற்சவராகிய நம்பெருமாளுக்கே நடைபெற, மூலவருக்கு ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டி, சந்தனம், சாம்பிராணி முதலிய வாசனைத் திரவியங்கள் சேர்த்துப் பக்குவம் செய்த தைலம் சாற்றப்பெறுகிறது. அது உலரும்வரை திருமேனி மறைக்கப்பட்டு, பக்தர்களுக்குத் திருமுக தரிசனம் மட்டுமே கிட்டும். சுதைக்கு நீரே முதற்பகை என்பதை நன்கறிந்தோர் வகுத்த ஏற்பாடு இது என்றே கொள்ளத்தகும்.

எண்ணெய் உலர்வது நீர் ஆவியாவது போன்றதன்று. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பமிலங்களிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றின் பிராணவாயுவை ஏற்று, ஒன்றோடொன்று பின்னிக் கரையாத படலமாகின்றன; அத்தகைய பிணைப்புகள் குறைந்த நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்வதும், மிகமிகக் குறைந்த தேங்காயெண்ணெய் அறவே உலராமல் நிற்பதும் இக்காரணத்தாலேயே.

மூலக்கூறுகள் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னுவதை மிகுந்த வெப்பமின்றி நொதிகளைக் கொண்டு நிகழ்த்துவது தற்கால ரஸாயன சாஸ்திரத்தின் முயற்சி. லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயின் கொழுப்பமிலங்களைப் பிரித்தும் மாற்றியும் அமைக்கிறது. பெராக்சிடேஸ், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்டனால் மூலக்கூறுகளைத் தொடராக இணைக்கிறது. ஜப்பானிய அரக்குப் பூச்சிலோ மரப்பாலிலேயே அமைந்த லாக்கேஸ் நொதி இவ்வேலையைத் தானே செய்கிறது. முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியைத் தன்னகத்தே கொண்ட தமிழ்நாட்டில் இவ்வாராய்ச்சி ஊன்றி நடத்தப்பெறல் வேண்டும்.