இரைப்பையின் நிழல் - 4: நின்றுபோன அலை

துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ஆறாத ஓட்டை வழியே அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் வயிற்றுக்குள் டாக்டர் பியூமாண்ட் எட்டிப் பார்த்த கதையைச் சென்ற வாரம் படித்தோம். ஓட்டை விழாத வயிற்றுக்குள் பார்ப்பது எப்படி? 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். வழி திறந்தது.

மறு ஆண்டே ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் முதலாண்டு மாணவர் வால்டர் கேனனிடம், உணவு விழுங்கப்படுவதை இந்தக் கதிரில் பார்க்கச் சொன்னார் பேராசிரியர் பௌடிச். டிசம்பர் 9. சக மாணவர் ஆல்பர்ட் மோசரும் கேனனும் பார்த்திருக்க, ஒரு நாய் முத்துச்சிப்பிப் பொத்தானை விழுங்கியது. அது உணவுக்குழாயில் இறங்குவது நிழலாகத் தெரிந்தது.

பொத்தான் சரி, ரொட்டி? அது கதிரை மறிக்காது, நிழல் விழாது. அடுத்து, ஒரு பூனையின் தீனியில் கதிரை மறிக்கும் பிஸ்மத் உப்பைக் கலந்தார் கேனன்.

இருட்டறையில், ஒளிரும் திரையில், பூனையின் இரைப்பை முழுதாக எழுந்தது. நடுவில் ஒரு சுருக்கம் பிறந்து குடல்வாயை நோக்கி நகர்ந்தது. அது போய்ச் சேருமுன் பின்னால் இன்னொன்று. ஏறக்குறைய 10 விநாடிக்கு ஓர் அலை, மணிக்கணக்காக! மேற்பகுதியோ குதிர்போல உணவை வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கீழே தள்ளியது. திரைமேல் மெல்லிய தாளை விரித்து நிழலின் விளிம்பை வரைந்தார் கேனன். நேரம் ஆக ஆகப் படம் சிறுத்தது. கத்தி படாமல், இரைப்பை காலியாகும் வேகம் தாளில் பதிந்தது. இன்று கதிரியக்கப் பொருள் கலந்த முட்டையைத் தின்றுவிட்டு 4 மணி நேரம் காமா கேமரா சோதனைக்குக் காத்திருப்பவருக்கும் அந்தத் தாளே முன்னோடி என்பேன். அந்த எக்ஸ் கதிர் பின்னாளில் கேனனின் தோலையே நோயாக வாட்டியதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் ஒரு புதிர். சில பூனைகளில் அலையே எழவில்லை. அவை திமிறியவை; பெரும்பாலும் ஆண் பூனைகள். சாதுவாகக் கிடந்த பூனையும் சீறத் தொடங்கினால் திரையில் அலை சட்டென்று நின்றது. வருடிக்கொடுத்து அமைதிப்படுத்தினால் மறுபடி எழுந்தது.

வயிற்றை நிறுத்துவது சினமா, பயமா, வெறும் உடலசைவா? கேனன் அமைதியான ஒரு பூனையைத் தேர்ந்தெடுத்தார். அலைகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. கை நீட்டி, விரல்களால் அதன் மூக்கையும் வாயையும் அழுத்தி மூடினார்.

பூனைக்கு மூச்சு முட்டியது. கேனனின் கண்கள் திரையில்...

(தொடரும்)