கதிர்வீச்சுப் பணியும் மாரடைப்பும்

கதிர்வீச்சு என்றதும் புற்றுநோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. இதயத்துக்கும் அதனால் கேடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வளைகுடாவில் குழாய்களின் வெல்டிங்கை ரேடியோகிராஃபி எடுத்துச் சோதிக்கும் வேலையில் நம் பிள்ளைகளும் இருப்பதால், குடும்பத்தாரும் இதை அறிந்திருப்பது நல்லது.

ரஷ்யாவின் தெற்கு யூரல் பகுதியிலுள்ள மாயக் அணு ஆலை 1948-ல் தொடங்கியது. அங்கே ஆரம்ப காலத் தொழிலாளர்கள் மிக அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் கவனித்ததில், உடலில் சேர்ந்த காமா கதிர்வீச்சு கூடக்கூட இதய ரத்தக்குழாய் நோயும் கூடியது தெரிந்தது. ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதுபட்டு, அங்கே கொழுப்பு படிவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா நாடுகளின் 3 லட்சத்துக்கும் அதிகமான அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்த முடிவு 2017-ல் வெளியானது. மொத்தம் 1000 மில்லிசீவர்ட் பெற்றவர் இதய, ரத்த ஓட்ட நோய்களால் இறக்கும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. (தொழிலாளர்களின் புகைப்பழக்கம் பதிவில் இல்லாதது இந்த ஆய்வின் குறை.) இந்தியாவில் 5 ஆண்டுகளுக்கு அனுமதி 100 மில்லிசீவர்ட்தான். எனவே விதிப்படி நடக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் பயந்து ஊர் திரும்ப வேண்டியதில்லை.

விதி மீறப்படும் இடம்தான் கவலைக்குரியது. அளவு கூடினால் வேலை போய்விடுமோ என்று பேட்ஜை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பேட்ஜ் அறையில் இருந்தாலும் கதிர் உடம்பில்தான் இறங்கும்! தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறையும். சர்வே மீட்டர் இல்லாமல் கருவியின் அருகே போகவே கூடாது. கம்பெனி மாறும்போது இதுவரை பெற்ற அளவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் தள்ளிப்போன பிறகே படம் எடுக்க முடியும் என்பதால் இது பெரும்பாலும் இரவு வேலை. தூக்கத்தை விரட்ட டீயும் சிகரெட்டும். விதிப்படி வேலை செய்பவரின் இதயத்துக்குக் கதிர்வீச்சைவிட அந்த சிகரெட்டே பெரிய எதிரி. விட்டுவிட்டால் ஓராண்டிலேயே அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் விடுமுறையில் ஊருக்கு வரும்போதாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை இவற்றை 'கேஸ்' என்று ஒதுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். ஆம்புலன்ஸுக்குச் சவூதியில் 997, அமீரகத்தில் 998, நம் ஊரில் 108.