ஜோனி மிட்செலின் பிபிசி கச்சேரி (1970)

கனடா நாட்டுப் பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செல், 1970 செப்டம்பரில் லண்டனில் பிபிசி தொலைக்காட்சிக்காகச் சிறிய அவையின் முன் தனியாகப் பாடிய கச்சேரி இது. அதே ஆண்டு அக்டோபரில் பிபிசி 2 அலைவரிசையில் ஒளிபரப்பானது. 'இன் கான்செர்ட்' என்ற தொடருக்காக ஸ்டான்லி டார்ஃப்மன் தயாரித்தார். ஓடும் நேரம் ஏறத்தாழ அரை மணி. பக்கவாத்தியம் ஏதும் இல்லை; கிட்டார், பியானோ, டல்சிமர் மூன்றையும் அவரே மாற்றி மாற்றி வாசித்தார். அப்போது அவருக்கு வயது 26. அவர் புகழின் உச்சமாகக் கருதப்படும் 'ப்ளூ' இசைத்தட்டு வெளிவர இன்னும் ஒன்பது மாதங்கள் இருந்தன. அதில் இடம்பெறப் போகும் இரண்டு பாடல்களை இங்கே பாடியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் இந்தப் பதிவைத் தேடிப் பார்ப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

பின்னணி

ஜோனி மிட்செல் 1943 நவம்பர் 7 அன்று ஆல்பர்ட்டா மாநிலத்தின் ஃபோர்ட் மக்லியோட் ஊரில் பிறந்தார், வளர்ந்தது சாஸ்கட்டூனில். பெற்றோர் இட்ட பெயர் ராபர்ட்டா ஜோன் ஆண்டர்சன். முதல் இசைத்தட்டு 1968இல் வந்தது. அதற்கு முன்பே அவர் எழுதிய 'போத் சைட்ஸ் நவ்' பாடலைப் பாடகி ஜூடி காலின்ஸ் பதிவு செய்திருந்தார்; பின்னர் அதனால் பெரும் பெயரும் பெற்றார். எழுதியவரை விடப் பாடியவரை உலகம் முதலில் அறிந்த பாடல் அது.

1970ஆம் ஆண்டு அவருக்கு அலைக்கழிப்பான ஆண்டு. பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பாடியதை அடுத்து மேடையிலிருந்து விலகி இருக்கப்போவதாக அறிவித்தார். பின்னர் ஐரோப்பாவில் சுற்றினார். கிரீட் தீவின் மடாலா கிராமத்தில், குகைகளில் தங்கியிருந்த ஹிப்பிகளோடு சில காலம் இருந்தார். பாடகர் கிரகாம் நாஷுடன் அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் பயணத்தின்போதே முடிந்துபோனது.

ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் இசை விழா மேடையில் ஏறினார். அங்கே திரண்டவர்கள் ஆறு லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் இடையே நாள் கணக்கில் தகராறு. ஜோனியின் நிகழ்ச்சிக்கு நடுவே ஒருவர் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடிக்க முயன்றார்; அவர் மடாலாவில் ஜோனிக்கு அறிமுகமானவர். அவரை இழுத்துச் சென்றதும் கூட்டம் கூச்சலிட்டது. ஜோனி கண்ணீரோடு, கொஞ்சம் மரியாதை காட்டுங்கள் என்று கூட்டத்திடம் முறையிட்டுவிட்டுப் பாட்டைத் தொடர்ந்து முடித்தார். அவ்விழாவைப் பற்றி மர்ரே லெர்னர் எடுத்த ஆவணப்படத்தில் இக்காட்சி இருக்கிறது.

அது நடந்து சில நாட்களுக்குள் எடுக்கப்பட்டதுதான் பிபிசி கச்சேரி. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ரசிகர்கள் வியப்பது அந்த இடைவெளியைத்தான். முதலாவதில் குரல் நடுங்கும் பெண், இரண்டாவதில் பாட்டுக்குப் பாட்டு சிரித்துப் பேசுகிறார். கூட்டம் என்றாலே அவருக்கு ஆகாது என்று சிலர் எழுதியிருப்பது சரியல்ல என்பதற்கு இந்த அரை மணி நேரமே போதும். கேட்கத் தயாராக இருக்கும் அவை முன்னால் இருந்தால் அவர் எவ்வளவு இயல்பாக இருப்பார் என்பதை இதில் காணலாம்.

பாடல்கள்

'செல்சி மார்னிங்', 'காக்டஸ் ட்ரீ', 'மை ஓல்ட் மேன்', 'ஃபார் ஃப்ரீ', 'கலிஃபோர்னியா', 'பிக் யெல்லோ டாக்ஸி', 'போத் சைட்ஸ் நவ்' ஆகியவை இக்கச்சேரியின் பாடல்களில் அடங்கும்.

இவற்றுள் அன்றைய பிரிட்டிஷ் நேயர்களுக்கு நன்கு பழகியது 'பிக் யெல்லோ டாக்ஸி'. ஹவாய் சென்றிருந்தபோது காலையில் விடுதி ஜன்னலைத் திறந்ததும் தூரத்தில் பச்சை மலைகள் தெரிந்ததாகவும், குனிந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வாகன நிறுத்துமிடமாக இருந்ததாகவும் அதன் பிறப்பை அவர் சொல்லியிருக்கிறார். 1970 கோடையில் அது பிரிட்டனில் 11ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 67ஆம் இடத்தைத் தாண்டவில்லை. லண்டன் அவரை அத்தனை அன்போடு வரவேற்றதில் ஆச்சரியமில்லை.

ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது 'மை ஓல்ட் மேன்', 'கலிஃபோர்னியா' என்ற இரண்டையும்தான். இரண்டும் 1971 ஜூனில் வெளியான 'ப்ளூ' தட்டின் பாடல்கள். அவையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். நாஷுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த நாட்களிலிருந்து பிறந்தது 'மை ஓல்ட் மேன்'. இதை அவர் லண்டனில் பியானோ முன் அமர்ந்து பாடும்போது அந்த உறவு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று தேடுகிறவர்கள் உண்டு. தெரியவில்லை, பாட்டில் இருக்கும் மகிழ்ச்சியை முழுசாகவே பாடுகிறார்.

'கலிஃபோர்னியா' அந்த ஐரோப்பியப் பயணத்திலேயே முளைத்த, ஊர் திரும்பும் ஏக்கம் நிறைந்த பாட்டு. தட்டில் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் கிட்டாரும், பெடல் ஸ்டீலும், டிரம்ஸும் சேர்ந்திருக்கும். பிபிசி பதிவில் மடிமேல் கிடக்கும் டல்சிமர் மட்டும். அப்பலேச்சிய மலைப்பகுதி மக்களின் வாத்தியம் அது. நீண்ட, ஒடுங்கிய பெட்டி, மூன்று அல்லது நான்கு தந்திகள். ஜோனி 1969இல் பிக் சர் நாட்டுப்புற இசை விழாவில் அதை வாங்கி, ஐரோப்பாவுக்கும் கையோடு கொண்டுபோனார். மீட்டுவதோடு நிற்காமல் தந்திகளைக் கையால் தட்டித் தாளமும் எழுப்புவது அவர் பாணி. இந்தப் பதிவில் அது கேட்பதோடு கண்ணுக்கும் தெரிகிறது. தட்டில் உள்ள வடிவம் மெருகேறியது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாட்டின் எலும்புக்கூடு எப்படி நிற்கிறது என்று அறிய விரும்புகிறவர் இந்த வடிவத்தைத்தான் கேட்க வேண்டும்.

கைகளும் ஸ்ருதியும்

கிட்டார் வாசிக்கும் ரசிகர்களுக்கு இந்தப் பதிவு பாடநூல். ஜோனிக்கு ஒன்பது வயதில் போலியோ தாக்கியது. அதனால் இடது கையில் வலு குறைந்து, வழக்கமான கிட்டார் பிடிகள் பல அவருக்குச் சிரமமாயின. அதற்கு அவர் கண்ட வழி தந்திகளின் ஸ்ருதியையே மாற்றி அமைப்பது. எந்தக் கட்டையையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் ஒருசேர மீட்டினாலே முழு ஸ்வரக்கூட்டு ஒலிக்கும். தம்பூராவை மீட்டியதும் ஸ்ருதி நிறைந்து ஒலிப்பதைப் போல. அதன்பின் ஒரு விரலைக் குறுக்கே வைத்து மேலும் கீழும் நகர்த்தினாலே வேறு வேறு ஸ்வரக்கூட்டுகள் கிடைத்துவிடும். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்ருதி அமைப்புகளை அவர் காலப்போக்கில் பயன்படுத்தினார்.

சிக்கல் என்னவென்றால், இசைத்தட்டைக் கேட்டு மட்டும் இந்த அமைப்புகளைக் கண்டுபிடிப்பது கடினம். வழக்கமான ஸ்ருதியில் வாசித்துப் பார்த்தால் ஸ்வரங்கள் கிடைத்தாலும் அந்த ஒலி வராது. இடது கை எங்கே நிற்கிறது, எந்தத் தந்தி தொடப்படாமல் ஒலிக்கிறது என்பதைப் பார்த்தால்தான் பிடிபடும். டார்ஃப்மனின் கேமரா கைகளை அருகிலிருந்து, அவசரமில்லாமல் காட்டுகிறது. அடிக்கடி காட்சியை வெட்டித் தாவும் பிற்கால இசை நிகழ்ச்சிகளில் இந்தப் பொறுமை அரிது. ஒரே பிடியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து 'செல்சி மார்னிங்' கற்றுக்கொண்டவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

பதிவு பிழைத்த கதை

அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை மிகுந்த பொருள். ஒளிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து வேறொன்றைப் பதிவது பிபிசியில் சாதாரணமாக நடந்தது. பாப் டிலன் 1965இல் பிபிசிக்காகப் பாடிய இரண்டு நிகழ்ச்சிகள் அப்படித்தான் காணாமல் போயின. ஜோனியின் கச்சேரி அழிவிலிருந்து தப்பியது நாம் செய்த பாக்கியம். அதே தொடரில் ஜேம்ஸ் டெய்லர், நீல் யங், கரோல் கிங் ஆகியோர் பாடியவையும் தப்பின.

வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளும் வசதியும் 1970இல் நேயர்களுக்கு இல்லை. பார்த்தவர்களுக்கு நினைவு மட்டும்தான் மிச்சம். பின்னர் வந்த மறு ஒளிபரப்புகளும், கைமாறி கைமாறி மங்கிப்போன நாடாப் பிரதிகளும், கடைசியில் இணையமும் அதை அடுத்த தலைமுறைகளிடம் சேர்த்தன.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு பதிவு உண்டு. 1970 அக்டோபர் இறுதியில் லண்டன் பாரிஸ் தியேட்டரில் ஜோனியும் ஜேம்ஸ் டெய்லரும் சேர்ந்து பாடியது அது. பிபிசி வானொலிக்காகப் பதிவானது. அதுவும் நெடுங்காலம் கள்ளப் பிரதிகளாக உலவியது. 2021 நவம்பரில் ஜோனியின் ஆவணத் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் முறையாக வெளிவந்தது. டெய்லரின் குரல் கேட்டால் அது வானொலிக் கச்சேரி.

பிற்காலம்

'போத் சைட்ஸ் நவ்' பாடலை ஜோனி 23 வயதில் எழுதினார். பிபிசியில் 26 வயதில், தெளிந்த உச்சக் குரலில் பாடினார். 2000இல் வெளியான தட்டுக்காகப் பெரிய வாத்தியக் குழுவோடு அதை மறுபடி பதிவு செய்தபோது குரல் வெகுவாகக் கீழிறங்கி, கரகரப்பேறியிருந்தது. எது உயர்ந்தது என்ற வாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. முதிய குரலில்தான் சொற்களுக்குப் பொருள் கூடியது என்போர் அதிகம். ஆனால் 1970 பதிவில், தான் சொல்வதைத் தானே முழுக்க நம்பிப் பாடும் இளமை இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமில்லை.

2015 மார்ச்சில் மூளை இரத்தக்குழாய் வீக்கத்தால் ஜோனி பாதிக்கப்பட்டார். நடப்பதையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கிட்டாரும் கைவிட்டுப் போனது. 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் முன்னறிவிப்பின்றி மேடையேறியபோது, தன் பழைய வீடியோக்களைப் பார்த்து விரல்களை எங்கே வைத்தேன் என்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார். எந்தெந்த வீடியோக்கள் என்று அவர் பட்டியலிடவில்லை. ஆனாலும் ரசிகர்கள் எந்த முறையில் அவர் வாசிப்பைக் கற்றார்களோ, அதே முறையில் அவரும் தன்னிடமிருந்து கற்றார். அன்று 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாடலை வாய்ப்பாட்டு இல்லாமல் கிட்டாரில் மட்டும் வாசித்தார்.

அந்த விழாப் பதிவு 2024 பிப்ரவரியில் சிறந்த நாட்டுப்புற இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. அன்றிரவு, 80 வயதில், முதன்முறையாக கிராமி மேடையில் பாடினார். பாடியது 'போத் சைட்ஸ் நவ்'. அவருடைய முதல் கிராமியும் நாட்டுப்புற இசைக்காகத்தான் கிடைத்தது. 'கிளவுட்ஸ்' என்ற தட்டுக்கு வழங்கப்பட்ட அந்த விருதின் ஆண்டும் 1970தான்.